வெள்ளை பூத்த கால், வெடித்த கை: மலையகத்தில் தினமும் தோலுக்கு ஈரம் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். தை பிறந்துவிட்டால் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையையோ காலையோ நீட்டிக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழப்பதற்குள் முழுப் பதிலையும் சொல்லிவிட முடிவதில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டிய விடயங்களை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, இந்த மொயிஸ்சரைசர் என்பது என்ன? எங்கள் பாட்டிமார் இது இல்லாமல்தானே வாழ்ந்தார்கள்?

பாட்டிமாரும் பூசினார்கள். அவர்கள் பூசியதற்கு எண்ணெய் என்று பெயர், அவ்வளவுதான். தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. லயத்துச் சுவரில் (தோட்டத்து வரிசை வீட்டுச் சுவரில்) கல்லும் சாந்தும் இருப்பது போல அந்தச் செல்களுக்கு இடையில் கொழுப்பு நிரம்பியிருக்கிறது. அந்தக் கொழுப்புக் கரைந்துபோனால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் சவர்க்காரமும் தூசியும் உள்ளே போகின்றன. வறட்சி, அரிப்பு, வெடிப்பு எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

கடையில் விற்கும் எந்தக் கிறீமும் இரண்டு மூன்று வேலைகளைத்தான் செய்கிறது. கிளிசரின், யூரியா போன்றவை நீரைப் பிடித்து வைக்கின்றன. வாசலின் என்று நாம் சொல்லும் பெட்ரோலியம் ஜெலி, மெழுகு போன்றவை மேலே மூடி அந்த நீரைப் போகவிடாமல் தடுக்கின்றன. மற்ற எண்ணெய்கள் செதில்களுக்கு இடையே போய்ச் சொரசொரப்பைக் குறைக்கின்றன. பெயர், நிறம், வாசனை, போத்தலின் வடிவம் எல்லாம் அதற்கு மேல் வருபவை.

என் தோல் வறண்ட தோலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் நகத்தால் மெதுவாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வெள்ளையாகக் கோடு விழுந்து அப்படியே நின்றால் வறட்சிதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலை வெயிலில் உட்கார்ந்து தங்கள் காலிலேயே பெயர் எழுதி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கோடுதான். குளித்து முடித்த சிறிது நேரத்தில் முகம் இழுத்துப் பிடிப்பது, கம்பளி உடுப்பு பட்டதும் அரிப்பது, கம்பளிப் போர்வையில் காலின் தோல் சிக்கிக்கொள்வது ஆகியவையும் அடையாளங்கள்.

இங்கே எப்போதும் மழையும் மூடுபனியும்தானே. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது தோல் ஏன் வறள்கிறது?

ஆண்டு முழுவதும் வறள்வதில்லை. நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கங்களில் தை முதல் பங்குனி வரை பகலில் வானம் வெளுத்து, இரவில் குளிர் இறங்கும். நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்துகூடக் கருகும். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. வெயில் ஏறி அந்தக் காற்றுச் சூடானதும் அது மேலும் வறண்ட காற்றாகிவிடுகிறது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கத்தில் கணக்கு வேறு. அங்கே ஆடி, ஆவணி மாதங்களில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று மழையை மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிறது.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொன்னால் சட்டென்று விளங்கும். திம்புள்ளைத் தேயிலைக்கு (ஹட்டன், தலவாக்கலைப் பக்கம்) நல்ல விலை கிடைக்கும் பருவம் தை முதல் பங்குனி வரை, ஊவாத் தேயிலைக்கு (பதுளை, பண்டாரவளைப் பக்கம்) ஜூலை முதல் செப்டம்பர் வரை. கொழுந்துக்கு மணத்தைக் கொடுக்கும் அதே வறண்ட காற்றுத்தான் நம் காலை வெடிக்க வைக்கிறது. உங்கள் பக்கத்தில் தொழிற்சாலை சுறுசுறுப்பாகும் பருவத்தில் நீங்களும் பூசத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். கையையும் பாதத்தையும் மட்டும் எந்தக் காலத்திலும் விட வேண்டாம்.

எப்போது பூசினால் நல்லது? காலையிலா, இரவிலா?

எது சௌகரியமோ அது. குளித்த கையோடு பூச வேண்டும் என்பதுதான் முக்கியம். இதை மட்டும் யார் கேட்டாலும் இரண்டு முறை சொல்வேன். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் இன்னும் ஈரம் இருக்கும்போது, மூன்று நிமிடத்துக்குள், பூசிவிடுங்கள். கிறீம் தானாகத் தண்ணீரை உண்டாக்குவதில்லை, இருக்கும் தண்ணீரைத்தான் காக்கிறது. நன்றாக உலர்ந்து, உடுத்தி, தேநீரும் குடித்த பிறகு பூசினால் காப்பதற்கு அங்கே அதிகம் மிஞ்சியிருக்காது.

பீலியில் (பொதுக் குழாயில்) குளித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வருபவர்களுக்கு மூன்று நிமிடம் எப்படிப் போதும் என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. சவர்க்காரப் பெட்டியோடு ஒரு சின்ன டப்பாவில் வாசலினையோ எண்ணெயையோ கொண்டுபோய், அங்கேயே கையிலும் காலிலும் தடவிக்கொண்டு வாருங்கள். மற்ற இடங்களுக்கு வீட்டில் துணியை நனைத்து ஒற்றிவிட்டுப் பூசலாம். குளிக்காத நாளிலும் இப்படியே செய்யலாம். குளிர்காலத்தில் எல்லோரும் தினமும் தலையோடு குளிக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை, அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

எவ்வளவு பூச வேண்டும்? ஒரு டியூப் ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது.

ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். உடல் முழுவதும் தாராளமாகப் பூசினால் ஒரு தடவைக்கு 20 முதல் 30 கிராம் வரை போய்விடும். 50 கிராம் டியூப் என்றால் இரண்டு தடவைக்குத்தான் வரும். டியூப் முடிவது உங்கள் குற்றமல்ல.

அதனால் முன்னுரிமை கொடுங்கள். கை, முழங்காலுக்குக் கீழே, பாதம், முழங்கை. இவைதான் முதலில் வறளும். வயிறு, முதுகு, தொடை எல்லாம் உடுப்புக்குள் இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஈரத்தோலில் பூசினால் குறைந்த அளவே அதிக தூரம் பரவும்.

குளிருக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் குளித்த மாதிரி இருக்கிறது. அதுவும் கெடுதலா?

ஆம். எண்ணெய் பிடித்த சட்டியைச் சுடுநீரில் கழுவுவது எதற்காக? அதேதான் தோலிலும் நடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம், அத்தோடு நிறுத்துங்கள். சாதாரண சவர்க்காரம் காரத்தன்மை கொண்டது, தோலோ இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. அக்குள், இடுக்கு, பாதம் தவிர்ந்த இடங்களுக்குத் தினமும் சவர்க்காரம் தேவையில்லை. சேறு பட்டால் பட்ட இடத்துக்கு மட்டும் போடுங்கள்.

உடுப்புத் துவைக்கும் கட்டியால் குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை இன்றே விட்டுவிடுங்கள். வேம்பு, மஞ்சள், சந்தனம் என்று உறையில் படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது சவர்க்காரம்தான்.

தேங்காய் எண்ணெய் போதாதா? ஏன் காசு கொடுத்துக் கிறீம் வாங்க வேண்டும்?

உடம்புக்குப் பெரும்பாலும் போதும். சுத்தமான தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் வறண்ட தோலில் ஒப்பிட்டுப் பிலிப்பைன்ஸில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. கடையில் விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மூன்று இடங்களில் யோசியுங்கள். முகத்தில் பரு வருகிறவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைத்து அதைக் கூட்டும். மார்பிலும் முதுகிலும் தேமல் வருகிறவர்களுக்கும் இது ஆகாது. தேமலை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்களைத் தின்றே வளர்கிறது. மூன்றாவது, ஆழமாக வெடித்த குதிகால். அங்கே எண்ணெய் நிற்காது, கெட்டியான களிம்பு வேண்டும்.

இங்கே குளிரில் எண்ணெய் உறைந்துவிடுவதால் பலர் அடுப்பில் சூடாக்குகிறார்கள். அப்படியே போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்தால் போதும். பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பூசலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம்.

அப்படியானால் நல்லெண்ணெய், ஒலிவ் எண்ணெய்?

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நல்ல வழக்கம். அதைத் தோல் பராமரிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். தேய்த்த எண்ணெயைச் சீயக்காயோ சவர்க்காரமோ போட்டு முழுவதும் கழுவிவிடுகிறோம், பிறகு மேலே ஒன்றும் பூசுவதில்லை. குளித்த பின் பூசும் எண்ணெய்தான் கணக்கில் வரும். ஒலிவ் எண்ணெய் விலை அதிகம் என்பதால் நல்லது என்று நினைக்கிறார்கள். அதில் உள்ள ஒலேயிக் அமிலம் தோலின் தடுப்பைப் பலவீனமாக்குகிறது. சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடுகெண்ணெயும் அப்படித்தான்.

கிளிசரின் பூசினேன், எரிந்தது. இன்னும் வறண்டது போல இருக்கிறது. ஏன்?

தண்ணீர் கலக்காமல் அப்படியே பூசியிருப்பீர்கள். கிளிசரின் நீரை இழுக்கும் பொருள். காற்றில் ஈரம் இல்லாத நாளில் அது தோலின் உள்ளேயிருந்தே நீரை இழுக்கும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு மூன்று பங்கு கொதித்து ஆறிய நீரோ பன்னீரோ கலந்து பூசி, அதன் மேல் மெல்லியதாக வாசலின் தடவுங்கள். கலந்ததை ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

கொழுந்து பறிக்கிற கை இது. விரலெல்லாம் வெடித்துக் கறை ஏறிக் கிடக்கிறது. இதற்கு என்ன பூசினாலும் நிற்குமா?

நிற்கும், பொறுமை வேண்டும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து தண்டை ஒடிக்கும் அந்தப் பக்கத்தில்தான் வெடிப்பு முதலில் வரும். காலையில் பனி நனைந்த செடி, பத்து மணிக்கு வெயில், மீண்டும் மழைத்தூறல். நனைவதும் காய்வதுமாக நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருப்பதால்தான் தோல் பிளக்கிறது. கொழுந்தின் சாறு அந்தப் பிளவில் இறங்கிக் கறுப்பாகக் கோடு போட்டுவிடுகிறது. நுவரெலியாப் பக்கம் கரட், லீக்ஸ் கழுவுகிறவர்களின் கையும் இதே கதைதான், கறை மட்டும் இருக்காது.

இரவுதான் உங்கள் நேரம். வெதுவெதுப்பான நீரில் கையை ஐந்து நிமிடம் வைத்து, ஒற்றி எடுத்து, வாசலினைத் தடிப்பாகப் பூசி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆழமான பிளவில் வாசலின் வைத்து அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டலாம். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பதியும் இடத்துக்கு) கிளம்பும் முன் மிகக் கொஞ்சமாகத் தேய்த்து, கை நன்றாக உறிஞ்சிய பிறகே கூடையைத் தூக்குங்கள். பசையோடு போனால் தண்டு வழுக்கும். தேயிலை வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பொருள் என்பதால் மணமுள்ள கிறீமையும் வேலை நேரத்தில் தவிர்ப்பது நல்லது.

கறையைப் போக்கக் கல்யாணத்துக்கு முதல் நாள் எலுமிச்சை தேய்ப்பதும், வெளுக்கும் தூளில் கை வைப்பதும் நடக்கிறது. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் பட்டால் தீப்பட்டது போலக் கொப்புளித்துக் கறுத்துவிடும். வெளுக்கும் தூள் கையில் மிச்சமிருக்கும் கொழுப்பையும் கொண்டுபோய்விடும். கறை மெல்லத் தானாகப் போகும். செடிக்கு மருந்து அடிக்கும் நாளில் கிறீம் பூசியிருப்பது கவசம் ஆகாது, அதற்குக் கையுறைதான் வேண்டும். விரல் வீங்கி, துடித்து, சீழ் வைத்தால் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

பித்தவெடிப்புக்கு மெழுகுதிரியை உருக்கி ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

சூடாக ஊற்றித் தோல் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊற வைத்து, சொரசொரப்பான கல்லால் தடித்த தோலை மட்டும் மெதுவாகத் தேய்த்து, யூரியா 20 அல்லது 25 வீதம் உள்ள களிம்பைப் பூசிக் காலுறை போடுங்கள். யூரியா என்றதும் உரம்தானே என்று கேட்கிறார்கள். பொருள் ஒன்றுதான், ஆனால் உர மூட்டையிலிருந்து எடுத்துப் பூசுவதற்கில்லை. மருந்துக்கென்று சுத்திகரித்ததே களிம்பில் இருக்கிறது. இரத்தம் கசியும் பிளவில் யூரியா எரியும். அது மூடும் வரை வாசலின் மட்டும் போதும். கம்பூட்ஸ் (ரப்பர் சப்பாத்து) போடுகிறவர்கள் உள்ளே காலுறை போடாமல் இருக்க வேண்டாம். பிளேடால் சீவுவது வேண்டவே வேண்டாம்.

வாசலின் பூசினால் கறுத்துவிடுவோம் என்கிறார்களே?

வறண்ட செதில்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தோல் வெள்ளை பூத்தது போலத் தெரிகிறது. பூசியதும் செதில் படிந்து உங்கள் உண்மையான நிறம் தெரிகிறது. கறுப்பாக்குவது வெயில். வாசலின் 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொருள். இத்தனை காலம் உலகமெல்லாம் பூசியும் யாரும் அதனால் கறுத்துப்போகவில்லை. முகத்தில் பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் இரவில் மட்டும் பூசுங்கள்.

இந்தக் குளிரில் வெயில் என்ன செய்யும்? சன்ஸ்கிரீன் கொழும்புக்காரர்களுக்குத்தானே?

குளிரும் புறஊதாக் கதிரும் வேறு வேறு. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், அதுவும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. கொழும்பில் வியர்த்து நிழல் தேடுகிறோம். இங்கே குளிருக்கு இதமாக இருக்கிறது என்று வெயிலில் போய் நிற்கிறோம். மெல்லிய மேகமும் கதிரைத் தடுக்காது. முதலில் மொயிஸ்சரைசர், அது உறிஞ்சிய பின் மேலே சன்ஸ்கிரீன். அது வாங்க வசதி இல்லையென்றால் அகன்ற தொப்பி, முக்காடு, நீளக்கைச் சட்டை. மலையில் பெண்கள் தலையில் துணி போடுவது அழகுக்காக மட்டும் அல்ல.

தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் தானாக மினுமினுக்கும் என்று டிவியில் சொன்னார்கள்.

தாகத்துக்குக் குடியுங்கள். போதுமான அளவு குடிக்கிறவர் மேலும் இரண்டு லீற்றர் குடித்தால் அது சிறுநீராகத்தான் போகும், முழங்காலுக்கு வராது.

கைக்குழந்தைக்கு என்ன பூசலாம்? சின்ன வயதிலிருந்து பூசினால் கரப்பான் (எக்ஸிமா) வராதாமே?

வாசனையில்லாத கிறீமோ வாசலினோ போதும், அதுவும் தோல் வறண்டிருந்தால் மட்டும். பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு குளிப்பாட்டுவதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிறக்கும்போது தோலில் படிந்திருக்கும் வெண்ணெய் போன்ற படலமே குழந்தைக்குச் சிறந்த பாதுகாப்பு, அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம்.

முன்கூட்டியே பூசினால் கரப்பான் வராது என்ற நம்பிக்கை வைத்தியர்களிடமும் இருந்தது. 2020-ல் வெளியான இங்கிலாந்தின் பெரிய ஆய்வு ஒன்றில், முதல் ஆண்டு முழுவதும் தினமும் பூசிய குழந்தைகளுக்கும் பூசாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கரப்பான் ஏற்கனவே வந்த பிள்ளைக்குத் தினசரிப் பூச்சு மிக அவசியம் என்பது வேறு விடயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விலை கூடிய கிறீமில் ஏதாவது விசேஷம் உண்டா? எதைப் பார்த்து வாங்குவது?

பின்பக்கம் திருப்பிப் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் கிளிசரின், பெட்ரோலேட்டம் (வாசலின்தான்), பரஃபின், டைமெத்திகோன், லனோலின், யூரியா ஆகியவற்றில் இரண்டு இருந்தால் நல்ல கிறீம். செரமைட் (தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பு வகை) இருந்தால் இன்னும் நல்லது, விலையும் ஏறும். பெர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ் என்று இருந்தால் அரிப்புள்ளவர்கள் விலகிவிடுங்கள். லோஷனில் தண்ணீர் அதிகம், கிறீமில் குறைவு, களிம்பில் மிகக் குறைவு அல்லது இல்லை. வறட்சி கூடக் கூடக் கெட்டியானதற்குப் போங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வாசனையில்லாத வாசலின் டப்பா. இதைச் சொன்னதும் பலருடைய முகம் வாடிவிடுகிறது, ஏதோ இளக்காரமாகப் பேசியது போல. பூசியதும் தோலிலிருந்து ஆவியாகும் நீரை அது கிட்டத்தட்ட முழுவதும் தடுக்கிறது. அந்த ஒரு வேலையில் அதை மிஞ்ச வேறு பொருள் இல்லை.

பூசினால் எரிகிறதே? ஒத்துக்கொள்ளவில்லையா?

வெடித்த தோலில் எதைப் பூசினாலும் ஓரிரு நிமிடம் சுரீர் என்று இருக்கும். அது அடங்கிவிட்டால் கவலையில்லை. அடங்காமல் சிவந்து தடித்தால் கழுவிவிடுங்கள். அக்குவஸ் கிறீம் என்று மலிவாகக் கிடைப்பதில் பல தயாரிப்புகளில் சோடியம் லோரில் சல்பேட் சேர்ந்திருக்கிறது. அது நுரைக்கும் பொருள். அந்தக் கிறீமைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவலாம், பூசி விட்டுவிட வேண்டாம். கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு அது எரிவதைப் பற்றி பிரித்தானிய மருந்து அதிகாரசபை 2013-ல் எச்சரித்தது. புதிய கிறீம் எதையும் முழங்கையின் உட்பக்கத்தில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள்.

மகள், எனக்குச் சீனி வியாதி. காலில் பூசலாமா?

கட்டாயம் பூசுங்கள் அம்மா, தினமும். விரல் இடுக்குகளில் மட்டும் வேண்டாம். அங்கே ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், தோல் ஊறிப் புண்ணாகும். பூசும்போதே அடிப்பாதத்தைக் கண்ணால் பாருங்கள், எட்டாவிட்டால் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் தைத்ததுகூடத் தெரியாது. மேலே சொன்ன வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்கும் முறையும் கல்லால் தேய்ப்பதும் உங்களுக்கு வேண்டாம். வெடிப்பு இருந்தால் கிளினிக் நாளில் காட்டுங்கள்.

தங்கச்சி சவூதியிலிருந்து ஒரு கிறீம் அனுப்பியிருக்கிறாள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்துவிட்டது. இதையே தினமும் மொயிஸ்சரைசராகப் பூசலாமா?

ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கிறது என்றாலே பயப்பட வேண்டும். அப்படிப்பட்ட கிறீம்களில் பாதரசமோ வலுவான ஸ்டீரொய்டோ ஒளிந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பாதரசம் தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துவாயிலும் தலையணையிலும் ஒட்டி வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் போகும். ஸ்டீரொய்ட் முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும், பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பரு கிளம்பும். கிறீமைப் பூசினால் சரியாவது போலவும் விட்டால் கொதிப்பது போலவும் இருக்கும், அதனால் விட முடியாமல் தவிப்பார்கள். மாதக்கணக்கில் பூசியவர்கள் டப்பாவோடு தோல் வைத்தியரிடம் போங்கள்.

தங்கச்சி அன்பாக அனுப்பியதுதான். அதற்காக முகத்தைப் பணயம் வைக்க முடியாது.

டொக்டர் ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார். அதையும் இதையும் சேர்த்துப் பூசலாமா?

உள்ளங்கையில் போட்டுக் கலக்க வேண்டாம், மருந்து நீர்த்துவிடும். ஒன்றைப் பூசிக் கால் மணி, அரை மணி நேரம் விட்டு மற்றதைப் பூசுங்கள். மருந்துக் களிம்பு நோயுள்ள இடத்துக்கு மட்டும், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். மொயிஸ்சரைசர் எல்லா இடத்துக்கும், புண் ஆறிய பிறகும்.

எவ்வளவு பூசியும் இரவானால் அரிப்பு. வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. கிறீமை மாற்றட்டுமா?

கிறீமை மாற்றிப் பயனில்லை. இரவில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிச் சின்னக் கொப்புளம், ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு. இது சிரங்காக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. லயத்தில் ஓர் அறையில் ஐந்தாறு பேர் ஒட்டிப் படுக்கும்போது எளிதில் பரவும். அசுத்தத்தால் வருவது என்று யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

டிஸ்பென்சரியிலோ அரசாங்க வைத்தியசாலையிலோ மருந்து வாங்கி, அரிக்கிறவர் அரிக்காதவர் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். உடுப்பு, போர்வை எல்லாவற்றையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். ஒருவர் தவறினாலும் திரும்பி வரும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். மொயிஸ்சரைசர் உதவுவது அப்போதுதான்.

கையில் வெளிறிய ஒரு வட்டம். வறண்டிருக்கிறது, ஆனால் அரிக்கவில்லை. பூசினால் போகுமா?

பிள்ளைகளின் கன்னத்தில் வரும் மங்கலான வெளிறல் பெரும்பாலும் வறட்சிதான், தொடர்ந்து பூசி வெயிலையும் தவிர்த்தால் சில மாதங்களில் மறையும். பெரியவர்களின் மார்பிலும் முதுகிலும் மாவு தூவியது போல இருந்தால் தேமலாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும்.

அந்த வட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொடச் சொல்லிப் பாருங்கள். தொடுவது தெரியவில்லை, வியர்ப்பதில்லை, முடி உதிர்ந்திருக்கிறது என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தொழுநோய் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம், சொன்னபடி சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். மருந்து தொடங்கியதும் மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்றுவிடும். பெயரைக் கேட்டுப் பயந்து கிறீம் பூசி மறைத்துக்கொண்டிருப்பதால்தான் விரல்கள் போகின்றன.

பூசிக்கொண்டு அடுப்படியில் நிற்கலாமா?

இதை ஒருவர்தான் கேட்டார், எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். தோலில் இருக்கும் கிறீம் தானாகத் தீப்பிடிக்காது. அது ஊறிய துணிதான் ஆபத்து. கிறீமும் வாசலினும் எண்ணெயும் நாள்கணக்கில் படிந்த சட்டைக் கை, முந்தானை, போர்வை ஆகியவை நெருப்புப் பட்டால் சாதாரணத் துணியைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும். பரஃபின் இல்லாத கிறீமுக்கும் இது பொருந்தும். நம் வீடுகளில் விறகடுப்பு, அதன் அருகிலேயே குளிர் காய்வது, பக்கத்திலேயே பாய்.

காலையில் பூசிக்கொண்டு உடனே அடுப்பு மூட்டப் போகாதீர்கள். சமையல் முடித்துவிட்டுப் பூசலாம். பூசிக்கொண்டு படுக்கும் இரவு உடுப்போடு அடுப்பண்டை போக வேண்டாம். கையில் மாட்டிய காலுறையைக் கழற்றிய பிறகே தீப்பெட்டியைத் தொடுங்கள். அந்த உடுப்பையும் தலையணை உறையையும் அடிக்கடி சுடுநீரில் துவையுங்கள். துவைத்தாலும் பிசுக்கு முழுவதும் போகாது என்பதால், பழசானதை அடுப்படிக் கைத்துணியாக்க வேண்டாம்.